ஓகஸ்டில் இன்டர்னாகச் சேரும் தங்கச்சிக்கு

தங்கச்சி, அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக உளவளத்துணை நிலையத்தில் ஓகஸ்டில் இன்டர்னாகச் சேரப் போவதாகவும், நீங்கள் மாணவர்களோடு கதைப்பதை வீடியோ எடுத்து மேற்பார்வையாளர் போட்டுப் பார்ப்பார் என்றதும் பயம் பிடித்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். நானும் திருகோணமலைதான். இங்கே அப்படியொரு நிலையத்தில் இன்டர்ன்மாரைப் பயிற்றுவிப்பதுதான் என் வேலை.

உங்கள் ஆங்கில உச்சரிப்பை நினைத்துப் பயப்பட வேண்டாம். தடுமாறிய இடத்தை நீங்களாகக் கொண்டுவந்து காட்டுகிறீர்களா என்பதைத்தான் நான் பார்ப்பேன். அமெரிக்க உளவியல் சங்கத்தின் (ஏபிஏ) அங்கீகாரம் பெற்ற இடங்களில் கிழமைக்குக் குறைந்தது 4 மணித்தியாலம் மேற்பார்வை, அதில் 2 மணித்தியாலம் உங்களுக்குத் தனியாக. அந்த நேரத்துக்கு நன்றாகப் போன அமர்வாகப் பார்த்துக் கொண்டுவரத்தான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மனம் வரும், ஆசிரியருக்கு முன்னால் தெரியாது என்று சொல்லி நாங்கள் வளரவில்லைத்தானே. அதை முதல் கிழமையே விட்டுவிடுங்கள். ஒரு மாணவி அழத் தொடங்குகிறாள், நீங்கள் உடனே டிஷ்யூப் பெட்டியை நகர்த்திவிட்டு எல்லாம் சரிவரும் என்று கடகடவென்று கதைக்கிறீர்கள், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பரீட்சைக் கதைக்கு மாறிவிடுகிறாள். நான் வீடியோவை நிறுத்துவது அந்த இடத்தில்தான். அதட்டுவதற்கு இல்லை, அந்த நேரம் உங்கள் மனதில் என்ன ஓடியது என்று கேட்பதற்கு. அந்த அரை நிமிடத்தைப் பற்றியே நெடுநேரம் கதைக்க இருக்கும், அதைக் கதைத்தால்தான் அடுத்த முறை அவள் அழுது முடிக்கும்வரை உங்களால் பேசாமல் இருக்க முடியும்.

சாக வேண்டும்போல் இருக்கிறது என்று யாராவது சொன்னால் மட்டும் மேற்பார்வை நேரம் வரட்டும் என்று வைத்திருக்காதீர்கள். அந்த மாணவர் அறையை விட்டுப் போகுமுன், கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். உங்களிடம் இன்னும் லைசன்ஸ் இல்லை, பொறுப்பு எங்கள் லைசன்ஸில்தான் நிற்கிறது. எத்தனை தரம் கதவைத் தட்டினாலும் யாரும் குறைவாக நினைக்க மாட்டோம்.

வீட்டுக்குப் போன் எடுக்கும்போதும் கவனம். எங்கள் ஊரில் உவர்மலையில் நடந்ததைப் பெயர் சொல்லாமல் சொன்னாலும் உப்புவெளியில் யாரென்று பிடித்துவிடுவார்கள், பல்கலைக்கழக வளாகமும் அப்படித்தான், ஆகவே அம்மாவிடம்கூட எதுவும் வேண்டாம். உங்களிடம் உளவளத்துணைக்கு வரும் மாணவரைச் சாப்பாட்டு மண்டபத்தில் கண்டால் நீங்கள் முதலில் கதை கொடுக்கக் கூடாது, அவர் தலையசைத்தால் நீங்களும் அசையுங்கள். எங்கள் வழக்கத்துக்கு இது மரியாதையில்லாததாகப் படும்தான், முதல் அமர்விலேயே அவரிடம் சொல்லிவைத்தால் சரி.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். எஃப்-1 மாணவர் விசாவில் சிபிடி, அதாவது படிப்பின் ஒரு பகுதியாக வேலை செய்யும் அனுமதி, எடுத்துச் செய்வதென்றால், முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டதும் அந்தப் பட்ட நிலைக்கு ஓபிடி, அதாவது பட்டத்துக்குப் பிறகு உங்கள் துறையில் வேலை செய்யும் அனுமதி, கிடைக்காமல் போய்விடும். பல மாநிலங்களில் லைசன்ஸ் எடுக்கப் பட்டத்துக்குப் பிறகும் மேற்பார்வையில் வேலை செய்த மணித்தியாலங்கள் கேட்பார்கள், அதற்கு அந்த ஓபிடி வேண்டும். இன்டர்ன்ஷிப்பும் ஒரு வருடம் என்பதால், தொடங்கும் திகதியையும் முடியும் திகதியையும் இப்போதே உங்கள் பல்கலைக்கழகத்துச் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள்.