குறைமாதக் குழந்தையின் எடைக்கோடு: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேரன் 30 வாரத்திலேயே 1,350 கிராம் எடையுடன் பிறந்தான். இப்போது 18 வாரம் நிறைந்து, எடை 4.7 கிலோ. தாய் சேய் நல அட்டையின் வரைபடத்தில் புள்ளி வைத்தால் பச்சைப் பட்டைக்கு வெகு கீழே விழுகிறது. தாய்ப்பால் போதவில்லை, பசும்பால் கொடு என்கிறார்கள் வீட்டில். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: வேண்டாம், ஆச்சி. ஒரு வயது நிறையும் வரை தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பசும்பால் கூடாது. எடையில் பிழையில்லை, புள்ளி வைத்த இடம்தான் பிசகு. முழுக் கர்ப்பக் காலம் 40 வாரம் என்பதால், 10 வாரம் முந்திப் பிறந்த பிள்ளைக்கு அந்த 10 வாரத்தைக் கழித்துவிட்டு, 8 வாரக் குழந்தையாகவே வரைபடத்தில் இடம் தர வேண்டும். இதைத் திருத்திய வயது என்கிறோம். இரண்டு வயது வரை இப்படிக் கழித்துப் பார்ப்பதே வழக்கம். உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட தரக்கோடுகளில், 4 மாத ஆண் குழந்தையின் நடு எடை 7 கிலோ, கீழ்வரம்பு 5.6 கிலோ, 2 மாதத்திலோ நடு எடை 5.6, கீழ்வரம்பு 4.3. ஆக, அதே 4.7 கிலோ உரிய வயதில் வைத்தவுடன் வரம்புக்குள் வந்துவிடுகிறது. கடன் கொடுத்த தேதியைத் தவறாக எழுதிவிட்டு வட்டி போட்டால் தொகை தப்பாமல் என்ன செய்யும்?

மருத்துவமனைச் சீட்டிலுள்ள பழைய எடைகளை, குறைமாதக் குழந்தைகளுக்கான ஃபென்டன் வளர்ச்சி வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். 2013இல் வந்த அதன் பதிப்பு, கர்ப்பத் தொடக்கத்திலிருந்து எண்ணும் கணக்கில் 22ஆம் வாரத்திலிருந்து 50ஆம் வாரம் வரை (அதாவது, பிறக்க வேண்டிய நாளுக்குப் பின் 10 வாரம் வரை) எடை, நீளம், தலைச் சுற்றளவு மூன்றையும் ஒரே தாளில் காட்டுகிறது. அதன் தொடக்கக் கோடுகள் அந்தந்த வாரத்தில் பிறந்த குழந்தைகளின் பிறப்பு எடையிலிருந்து வரையப்பட்டவை. பிறந்த முதல் சில நாட்களில் உடல்நீர் குறைந்து எடை இறங்குவது இயல்பாதலால், பேரனின் கோடு முதலில் சற்றுத் தாழ்ந்திருக்கும்; அதைக் கண்டு பதற வேண்டாம். இன்டர்குரோத்-21 ஆய்வின் 2015ஆம் ஆண்டுக் கோடுகள், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைப் பிறந்த பின்னும் தொடர்ந்து அளந்து வரையப்பட்டவை. இரண்டிலும் ஒரே பிள்ளை வெவ்வேறு இடத்தில் தெரிவான் என்பதால், ஏதேனும் ஒன்றையே தொடர்ந்து பின்பற்றுங்கள்.

ஒரு புள்ளியைவிடக் கோடு போகும் போக்கே எனக்கு முக்கியம். ஒரே தராசில், துணியில்லாமல் எடை பாருங்கள். கோடு படுத்துவிட்டாலோ, எடை ஏறாமல் தலைச் சுற்றளவு மட்டும் விறுவிறுவென ஏறினாலோ, உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பச்சிளங்குழந்தைப் பிரிவில் எடுத்த எடைகளின் வாராந்திரச் சராசரியை வரைந்தேன். கடைசி வாரங்களில் கோடு சரிகிறது. குழந்தைகள் இளைக்கிறார்களா?
– புள்ளியியல் மாணவி, காரைக்குடி

பதில்: ஒரு குழந்தைகூட இளைக்காமலேயே இப்படி வரும். நன்றாகத் தேறியவர்கள் வீட்டுக்குப் போய்விட, நோயுற்ற சிறு குழந்தைகளே அந்த வாரங்களின் கணக்கில் மிஞ்சுகிறார்கள். ஆகவே ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனி மெல்லிய கோடு வரைந்து, அது எந்த வாரத்தில் நிற்கிறதென்று குறியுங்கள். எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள் என்பதையும் ஒவ்வொரு வாரத்தின் கீழும் எழுதுங்கள். இந்த எண்ணிக்கை இல்லாத சராசரிக் கோட்டை எந்த மருத்துவரிடமும் காட்டாதீர்கள்.