கூப்பர்டினோவின் வட்டம் – கடிதம்

வணக்கம் அக்கா,

உங்கள் அமெரிக்கப் பயணக் குறிப்புகளை விடாமல் படித்துவருகிறேன். கலிபோர்னியாவின் கூப்பர்டினோ பற்றிய பகுதியில், ஆப்பிள் கம்பெனியின் தலைமையகமான ஆப்பிள் பார்க்கை ‘ஊருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் வட்டம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு மனம் ஆறவில்லை. பதினான்கு வருடமாகப் பக்கத்து ஊரான சன்னிவேலில் இருக்கிறேன். அந்தக் கட்டடம் எழும்பியதை வேலைக்குப் போகும் வழியில் தினமும் பார்த்தவன்.

2011 ஜூன் 7 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் கூப்பர்டினோ நகர மன்றத்தில் நின்று இந்தத் திட்டத்தை விளக்கிய காணொளியைப் பார்த்திருக்கிறீர்களா? உலகமே கொண்டாடிய மனிதர், உடம்புக்கு முடியாத நிலையிலும், மனு கொடுக்க வந்தவர் போல மன்ற உறுப்பினர்கள் முன்னால் நிற்கிறார். அவரிடம் ஓர் உறுப்பினர், இதனால் எங்கள் ஊருக்கு என்ன கிடைக்கும், இலவச வைஃபை போட்டுத் தருவீர்களா என்று கேட்கிறார். எனக்குக் கூசிப்போனது. ஆப்பிள் இல்லாவிட்டால் கூப்பர்டினோ என்ற பெயரை யார் அறிவார்? அந்த ஊரின் ரோடும் பூங்காவும் யார் கட்டும் வரியில் நடக்கின்றன? இங்கே வீட்டு விலை அதிகம்தான். என் மகளின் டீச்சரே தூரத்து ஊரான ட்ரேசியிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வருகிறார். அதற்கு ஒரு கம்பெனி என்ன செய்ய முடியும்?

க.,
சன்னிவேல்

அன்புள்ள தம்பி,

ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனது என் தவறுதான். தினமும் அதைக் கடந்து போகிற ஒருவருக்கு அந்த வரி எப்படிப் பட்டிருக்கும் என்று யோசித்திருக்க வேண்டும். இப்போது விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் குறிப்பிட்ட காணொளியிலிருந்தே தொடங்கலாம். என்னை அப்படி எழுத வைத்தது அந்தக் காணொளிதான்.

அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முதலில் கண்ணில் படுவது அவருடைய மெலிவு. அதன்பிறகு நான்கு மாதங்கள்கூட அவர் இல்லை. அக்டோபர் 5 அன்று இறந்துவிட்டார். பொதுமேடையில் அவர் கடைசியாகப் பேசியது அந்த மன்றத்தில்தான். தான் ஒருநாளும் உட்காரப்போகாத கட்டடத்துக்காக, எந்த இடத்தில் மரம் வரும், கண்ணாடி எப்படி வளையும் என்று அவ்வளவு ஆசையாகச் சொல்கிறார். அந்த நிலத்தின் ஐந்தில் ஒரு பங்கில்தான் இப்போது பசுமை இருக்கிறது, மற்றதெல்லாம் தார் போட்ட தரை, அதை ஐந்தில் நான்கு பங்காக மாற்றப்போகிறோம் என்கிறார். அங்கிருந்த 3,700 மரங்களை 6,000 ஆக்குவோம் என்கிறார். சொன்னதைவிடக் கூடுதலாகவே செய்தார்கள், 9,000 மரங்கள் வந்தன. கூரையில் 17 மெகாவாட் சூரிய மின்சாரம். வருடத்தில் ஒன்பது மாதம் குளிர்சாதனம் இல்லாமலே காற்றோட்டம். கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டரின் குழு அந்த 461 மீட்டர் வட்டத்தை, நிலம் நடுங்கினாலும் ஆபத்தில்லாதபடி, எஃகுத் தட்டுகளின்மேல் நிறுத்தியிருக்கிறது. இதிலெல்லாம் எனக்கு ஒரு குறையும் இல்லை. மனிதர்கள் அக்கறையோடு செய்த ஒரு பொருள் அது.

அந்தப் பேச்சில் என்னை உலுக்கியது வேறோர் இடம். ஆப்பிள் வாங்கிய நிலம் ஹியூலெட் பேக்கார்ட் கம்பெனியுடையது. அதைச் சொல்லும்போது ஜாப்ஸ் தன் சிறுவயதுக்குப் போகிறார். 13 வயதில் அலைவெண் அளவி என்ற ஒரு மின்னணுக் கருவி செய்துகொண்டிருந்தாராம். உதிரி பாகம் இல்லை. தொலைபேசிப் புத்தகத்தில், அந்தக் கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரான பில் ஹியூலெட்டின் எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டிருக்கிறார். அவரே எடுத்தார், பேசினார், பாகங்கள் கொடுத்தார், அந்தக் கோடை விடுமுறைக்கு வேலையும் கொடுத்தார். அதற்கு முன்பு அந்தப் பக்கமெல்லாம் ஆப்ரிகாட் தோட்டங்கள், அதனால் இந்த நிலம் எனக்கு விசேஷமானது என்கிறார் ஜாப்ஸ்.

இந்தக் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதில் வராத இன்னொருவரைப் பற்றி யோசித்துப் பாருங்கள். ஜாப்ஸை எடுத்து வளர்த்த அப்பா பால் ஜாப்ஸ். கல்லூரி வாசல் மிதிக்காதவர். இயந்திரப் பட்டறைத் தொழிலாளி, பழைய கார்களை வாங்கிப் பழுதுபார்த்து விற்றவர். அப்படிப்பட்டவரால் மௌண்டன் வியூவிலும் பிறகு லாஸ் ஆல்டோஸிலும் சொந்தமாக வீடு வாங்க முடிந்தது. மகன் கூப்பர்டினோவின் ஹோம்ஸ்டெட் பள்ளியில் படிக்க முடிந்தது. 1976இல் ஆப்பிள் முளைத்த கார் கொட்டகை அவருடைய வீட்டுக் கொட்டகைதான். பெரிய கம்பெனி முதலாளியின் எண் தொலைபேசிப் புத்தகத்தில் இருந்ததும், ஒரு மெக்கானிக்கின் மகன் அவரைக் கூப்பிடும் தூரத்தில் குடியிருந்ததும் சேர்ந்துதான் அந்தக் கதை. திட்டம் ஆப்ரிகாட் மரங்களைத் திரும்பக் கொண்டுவந்தது. அந்த மெக்கானிக் குடும்பம் திரும்பி வர வழி வைக்கவில்லை.

திட்டத்தின் கணக்கைப் பாருங்கள். 175 ஏக்கர். 2011இல் ஜாப்ஸ் சொன்னது பன்னிரண்டாயிரம் பேர். 2013இல் மன்றம் ஒருமனதாக அனுமதி கொடுத்தபோது அங்கே 14,200 பேர் வேலை செய்யலாம் என்று இருந்தது. கிட்டத்தட்ட 11,000 கார்கள் நிறுத்த இடம் இருந்தது. ஒரே ஒரு வீடுகூட இல்லை. கூப்பர்டினோவோ அறுபதாயிரம் பேர் வாழும் சிற்றூர். கார் உறங்குவதற்கு யோசித்தவர்கள் ஆள் உறங்குவதற்கு யோசிக்கவில்லை.

நான் பார்வையாளர் மையத்தின் மொட்டைமாடியில் ஏறி நின்றபோது மரங்களுக்கிடையே கூரையின் ஒரு கீற்று மட்டும் தெரிந்தது. உள்ளே போக ஊர்க்காரருக்கு வழியில்லை. அந்த நிலத்தின் குறுக்கே ப்ரூன்ரிட்ஜ் அவென்யூ என்று ஒரு பொதுச்சாலை ஓடியது. ப்ரூன் பழத்தின் பெயரைச் சுமந்த சாலை. அதன் ஒரு பகுதியை மூடி வளாகத்துக்குள் சேர்த்துக்கொண்டார்கள். நடந்தும் சைக்கிளிலும் போய்க்கொண்டிருந்தவர்கள் ஆட்சேபித்தார்கள், பலிக்கவில்லை. 1916இல் கட்டிய கிளெண்டெனிங் குடும்பத்துக் களஞ்சியத்தை மட்டும் பத்திரமாகக் காப்பாற்றி உள்ளேயே வைத்திருக்கிறார்கள். பழைய களஞ்சியத்துக்குக் கிடைத்த கரிசனம் பழைய சாலைக்குக் கிடைக்கவில்லை. முதுகு காட்டுகிறது என்று நான் எழுதியது இதைத்தான்.

இப்போது உங்களைக் கூச வைத்த கேள்விக்கு வருகிறேன்.

அந்தப் பெண் உறுப்பினர் கேட்டதில் ஒரு தவறும் இல்லை, தம்பி. ஊரின் சார்பாக உட்கார்ந்திருப்பவர், ஊருக்கு என்ன என்று கேட்காமல் வேறு எதைக் கேட்பார்? எனக்கு அவர்மேல் இருக்கும் ஒரே வருத்தம், கேள்வியைச் சின்னதாகக் கேட்டுவிட்டார் என்பது. ஜாப்ஸ் என்ன பதில் சொன்னார்? நாங்கள் வரி கட்டுகிறோம், இதையெல்லாம் செய்யவேண்டியது நகரம்தான், வரி வேண்டாம் என்றால் வைஃபை போட்டுத் தருகிறேன் என்றார். இன்னோரிடத்தில், இங்கே முடியாவிட்டால் மௌண்டன் வியூ போன்ற ஓர் ஊருக்குப் போகவேண்டியிருக்கும் என்றும் சொன்னார். சிரித்த முகத்தோடுதான் சொன்னார். ஆனால் அந்த மன்றத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் அதன் எடை தெரியும். நகரத்துக்கு அதிகம் வரி கட்டுகிறவர் போய்விடுவேன் என்கிறார். மறுக்கும் பேச்சுக்கே இடமில்லை என்று மேயர் கில்பர்ட் வாங் உடனேயே சொல்லிவிட்டார். முழு அனுமதிக்கு இன்னும் இரண்டு வருடத்துக்குமேல் இருந்தது. அவர் மனு கொடுக்க வந்தவர் போல நின்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் மனு யார் கையில் இருந்தது என்று அந்தக் காணொளியை இன்னொரு முறை பார்த்துச் சொல்லுங்கள்.

அந்த வரி எப்படிப்பட்டது என்பதையும் கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் கடிதத்தின் முக்கியமான வாதம் அதுதான். கலிபோர்னியாவில் 1978இல் மக்கள் வாக்கெடுப்பில் 13ஆம் பிரேரணை என்ற சட்டம் நிறைவேறியது. சொத்து வரி மதிப்பில் 1 சதவீதத்துக்குமேல் போகக்கூடாது, கைமாறாதவரை அந்த மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்குமேல் ஏறக்கூடாது என்றது. வசூலாவதிலும் நகர நிர்வாகத்துக்குச் சிறு பங்குதான், மற்றது பள்ளிகளுக்கும் கவுண்டி எனும் மாவட்ட நிர்வாகத்துக்கும் போய்விடும். ஆக, வீடு வந்தால் நகரத்துக்குச் செலவு, கடையும் அலுவலகமும் வந்தால் வரவு என்று ஆகிவிட்டது. அந்தப் பள்ளத்தாக்கின் ஊர்களெல்லாம் அலுவலகத்துக்கு வாசலைத் திறந்துவிட்டு வீட்டுக்குச் சாத்திக்கொள்வது இதனால்தான். விற்பனை வரியில், பொருளின் விலையில் 1 சதவீத அளவு, விற்பனை நடந்த ஊருக்கு. கூப்பர்டினோ அதை நம்பியே வாழ்ந்தது. ஆப்பிள் மூலம் வந்த விற்பனை வரியில் ஒரு பகுதியை நகரமே ஆப்பிளுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டும் இருந்தது. 2013 ஒப்பந்தத்தில் அந்தப் பங்கு 50 சதவீதத்திலிருந்து 35 ஆகக் குறைந்தது. ‘நாங்கள் வரி கட்டுகிறோம்’ என்ற வாக்கியத்துக்குள் இதுவும் இருக்கிறது.

பிறகு நடந்ததுதான் எனக்கு அதிக வேதனை. மாநில வரித்துறை ஒரு தணிக்கை செய்தது. மாநிலம் முழுக்க நடந்த இணைய விற்பனையை கூப்பர்டினோவில் நடந்ததாகக் காட்டியது சரியில்லை என்றது. 2023இல் நகரம் தன் விற்பனை வரி வருமானத்தில் 73 சதவீதம் போய்விடும் என்று அறிவித்தது. கம்பெனியின் பெயரை நகரம் சொல்லவில்லை, செய்தித்தாள்கள் ஆப்பிள் என்று எழுதின. அப்போது உலகின் மிகப் பணக்காரக் கம்பெனியாக இருந்த ஆப்பிள் குடியிருக்கும் ஊர், எதை நிறுத்தலாம், எந்த வேலையைக் குறைக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. ஒரே தூணில் நின்ற கூரை அது.

ஊர் முயலவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2016இல் அப்போதைய மேயர் பேரி சாங், ஊரின் சாலை முதலான வசதிகளுக்கு ஆப்பிளிடமிருந்து 10 கோடி டாலர் பெறவேண்டும் என்று ஒரு யோசனை கொண்டுவந்தார். மன்றத்தில் அதை வழிமொழியக்கூட ஆள் இல்லை. 2018இல் வேலையாட்களின் எண்ணிக்கையை வைத்து வரி போடலாம் என்று பேசினார்கள், தள்ளிவைத்தார்கள், கைவிட்டார்கள். அதே 2018 நவம்பரில் மௌண்டன் வியூ மக்கள் வாக்களித்து அந்த மாதிரி வரியைக் கொண்டுவந்தார்கள். கூகுள்தான் அங்கே பெரிய பங்கு கட்டுகிறது. கட்டிக்கொண்டு அங்கேயேதான் இருக்கிறது.

ஆப்பிளை மட்டும் குற்றம் சொல்லவில்லை. 2019இல் கலிபோர்னியாவின் வீட்டுப் பிரச்சினைக்கென்று 250 கோடி டாலர் அறிவித்தார்கள், அதையும் மறக்கவில்லை. வீடு வரக்கூடாது என்று தடுத்தவர்களில் வீட்டுக்காரர்களும் உண்டு. வட்டத்துக்குக் கொஞ்ச தூரத்தில், நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், வால்கோ என்று படுத்துப்போன ஒரு பேரங்காடி இருந்தது. அந்த இடத்தில் குடியிருப்புகளோடு ஒரு திட்டம் வந்தபோது 2016 வாக்கெடுப்பில் ஊர் அதைத் தோற்கடித்தது. பிறகு அந்த இடத்துக்காரர்கள் ஒரு மாநிலச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு 2,402 வீடுகளுக்கு விண்ணப்பம் போட்டார்கள். அதன்மேல் வழக்கு. நான் கூப்பர்டினோவில் தங்கியிருந்த வீட்டில், நம் ஊர்க்காரர்கள்தான், ராத்திரி சாப்பாட்டின்போது அந்தப் பேச்சு வந்தது. அடுக்குமாடி வந்தால் பள்ளியின் தரம் போய்விடும் என்றார் வீட்டம்மா. அன்பான மனுஷி, எனக்கு இரண்டு தோசை அதிகமாகவே போட்டவர். அதே ஊரின் பள்ளி நிர்வாகம் 2022இல் போதிய பிள்ளைகள் இல்லாமல் தொடக்கப் பள்ளிகளை மூடியிருந்தது. இளம் குடும்பங்கள் உள்ளே வர முடியாத விலையில் வீடுகள் இருந்தால் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை எங்கிருந்து வரும்? அன்றைக்கு இதை அவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். விருந்தாளியாக இருந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன். அது இன்றுவரை உறுத்துகிறது.

ஆப்பிள் இல்லாவிட்டால் கூப்பர்டினோவை யார் அறிவார் என்று கேட்டிருந்தீர்கள். 1776இல் அந்தப் பக்கம் வந்த ஸ்பானியர்கள் ஓர் ஓடைக்கு, இத்தாலியில் கூப்பர்டினோ என்ற சின்ன ஊரில் பிறந்த புனிதர் ஒருவரின் பெயரை வைத்தார்கள். பழத்தோட்டங்களில் மூன்று தலைமுறை உழைத்தவர்கள் அந்தப் பெயரோடுதான் வாழ்ந்தார்கள். ஊராட்களுக்குத் தெரிந்திருந்தது, அவர்களுக்கு அது போதும்.

அன்று மன்றத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இந்தப் பன்னிரண்டாயிரம் பேர் எங்கே குடியிருப்பார்கள், அவர்கள் இங்கே குடிவந்தால் இங்கே இருந்தவர்கள் எங்கே போவார்கள்? அப்படிக் கேட்டிருந்தால் ஜாப்ஸுக்கும் ஒரு நல்ல பதில் சொல்ல வாய்ப்பு கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். மெக்கானிக்கின் மகன் அவர். வளையும் கண்ணாடிக்கு அவ்வளவு யோசித்தவர் இதற்கும் யோசித்திருப்பார்.

உங்கள் மகளின் டீச்சரைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ட்ரேசி என்றால் ஆல்டமான்ட் கணவாயைத் தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம். அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது, காலையில் எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறார், திரும்பிப் போய்ச் சேர எத்தனை மணி ஆகிறது என்று அவரிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.