கன்று இறந்த மாடு பாலை அடக்குகிறது, ஊசி போடலாமா?

கேள்வி: எங்கள் மாடு இரண்டாம் ஈத்து. கன்று பிறந்து 20 நாளில் இறந்துவிட்டது. அதிலிருந்து பாலை அடக்குகிறது, காம்பில் கை வைத்தால் உதைக்கிறது. என் மகன் பின்னங்காலைக் கட்டி, இரண்டு அடி போட்டுத்தான் கறக்கிறான். பால் பாதியாகிவிட்டது. தீவனக் கடைக்காரர் ஒரு பாட்டில் கொடுத்து, கறவைக்கு முன் ஊசியாகப் போட்டால் உடனே பால் இறங்கும் என்கிறார். பாட்டிலில் பெயர் எதுவும் ஒட்டவில்லை. எத்தனை மில்லி போடலாம்? பால் குடிப்பவர்களுக்குக் கெடுதலா?

பதில்: அளவு சொல்ல மாட்டேன். அந்தப் பாட்டிலில் இருப்பது பாலை இறங்க வைக்கும் ஹார்மோனான ஆக்ஸிடோசினாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். பெயர் ஒட்டாத மருந்தைக் கொடுத்து அனுப்புகிறவர் உங்கள் மாட்டைப் பற்றிக் கவலைப்படுகிறவர் இல்லை. ஆக்ஸிடோசின் என்றால் குடிப்பவரின் குடலில் அது செரித்துவிடும். கேடு மாட்டுக்குத்தான். தினமும் ஊசியில் ஏற்றினால் மடி தானாகப் பால் விடுவது குறைந்துகொண்டே போகும், பிறகு ஊசி இல்லாமல் கறக்கவே முடியாது. கருப்பையையும் அது சுருக்கும். மருத்துவர் கையில் அது மருந்து. கட்டுத்தறியில் தினப்படிச் சாமானாக அதை வைத்துக்கொள்ளக் கூடாது.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு: மாடு ஏன் பால் விடவில்லை?

‘அடக்குகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். மடியில் இருக்கும் பாலில் ஏறக்குறைய 80 சதவீதம் நுண்ணறைகளில் தங்கியிருக்கும். மடியைத் தொட்டதும் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் ரத்தத்தில் கலந்து, ஒரு நிமிடத்தில் அந்த அறைகளை அழுத்தினால்தான் பால் காம்புக்கு வரும். பயந்த மாட்டுக்கு அது சரியாகச் சுரப்பதில்லை. பயத்தில் ஊறும் அட்ரினலின் மடிக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் குறைத்துவிடும். உங்கள் மாடு பாலை ஒளித்து வைக்கவில்லை, தர முடியாமல் நிற்கிறது. கன்றைப் பறிகொடுத்த 20 நாள் தாயை, காலைக் கட்டி அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் மகனுக்குக் கோபம் வரலாம், ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

மாடு ஆளை அடையாளம் வைத்துக்கொள்ளும். முரட்டுத்தனமாக நடத்தியவர் கறவை நேரத்தில் பக்கத்தில் சும்மா நின்றாலே மடியில் மிச்சப் பால் கூடும், இதை ஆய்விலும் பார்த்திருக்கிறார்கள். அதனால் கொஞ்ச நாளைக்கு மகன் கறவை நேரத்தில் கொட்டகைப் பக்கமே வர வேண்டாம். நீங்களே கறங்கள். அதே நேரம், அதே இடம், அதே குரல். முன்னால் கொஞ்சம் தீவனம் வைத்து, வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து மடியை ஒரு நிமிடம் நிதானமாகத் துடைத்துவிடுங்கள். பால் இறங்கியதும் 5 முதல் 7 நிமிடத்தில் முடித்துவிடுங்கள், ஊசி போடாமலே மாட்டின் உடம்பில் ஊறும் ஆக்ஸிடோசினுக்கு ஆயுள் அவ்வளவுதான். கட்டைவிரலை மடக்கிக் கறக்கிறீர்களா? அது காம்பைக் காயப்படுத்தும். முழுக் கையால் பிடித்துக் கறங்கள்.

அப்புறம், உதைப்பது வலியாலும் இருக்கும். கருப்புத் துணியில் முதல் பீச்சைக் கறந்து பாருங்கள். திரி திரியாக வந்தாலோ, மடி சூடாக வீங்கியிருந்தாலோ மடிநோய்தான், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மாட்டுக்குச் சினை ஊசி போட்டிருந்தால் அதையும், கடைக்காரர் பாட்டிலில் ஒரு ஊசியாவது ஏற்கெனவே போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.

முதல் வாரம் பால் குறைவாகவே வரும். அப்போது தடியைத் தேடாதீர்கள்.