ஒரே வாகனத்துக்குத்தான் நிதி: கடற்கரை மீட்புக்கு எதை வாங்குவது?

கேள்வி: கடற்கரையிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில் உள்ள தீயணைப்பு நிலையத்தில் பணிபுரிகிறேன். எங்களிடம் ஒரு தீயணைப்பு வண்டியும் ஒரு சாதாரண ஜீப்பும் மட்டுமே இருக்கின்றன. குளிக்க வந்தவர்கள் அலையில் சிக்கினாலும், கழிமுகச் சேற்றில் யாராவது புதைந்தாலும், மழைக்காலத்தில் தாழ்வான தெருக்களில் வெள்ளம் புகுந்தாலும் எங்களைத்தான் அழைக்கிறார்கள். இப்போது சிறப்பு வாகனம் ஒன்று வாங்க நிதி கிடைத்திருக்கிறது. நிலத்திலும் நீரிலும் ஓடும் வாகனம் ஒன்றை வாங்கிவிட்டால் மூன்று வேலைகளுக்கும் அதுவே போதும் என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: உங்கள் நிலைமைக்கு அதை முதல் வாகனமாக வாங்க வேண்டாம். மணலில் ஓடக்கூடிய, ஃபோர் வீல் டிரைவ் வசதி கொண்ட இலகுவான வண்டி ஒன்றையும், அது இழுத்துச் செல்லும் டிரெய்லரில் எந்நேரமும் தயாராக இருக்கும் சிறிய மீட்பு ரப்பர் படகு ஒன்றையும் ஒரே தொகுதியாகக் காட்டி நிதியைக் கேளுங்கள். ஒரே வாகனத்துக்குத்தான் அனுமதி என்று கோப்பில் எழுதியிருந்தாலும், படகும் டிரெய்லரும் அந்த வாகனத்தின் துணைக்கருவிகள் என்று விளக்கம் எழுதிப் பார்ப்பது வீண்போகாது.

முதலில் நேரக் கணக்கு. மூழ்குபவர் கையை உயர்த்திக் கூச்சலிடுவார் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் வாய் நீர்மட்டத்துக்கு மேலே வருவதும் கீழே போவதுமாக, சத்தமே எழாமல், 20 முதல் 60 நொடிகளுக்குள் ஒருவர் நீருக்குள் போய்விடக்கூடும். மூச்சு நின்றபின் 4 முதல் 6 நிமிடங்களில் மூளை பாதிப்பு தொடங்கிவிடுகிறது. அழைப்பு வந்து, ஆட்கள் ஏறி, மூன்று கிலோமீட்டர் சாலையைக் கடந்து, மணலில் இறங்கி நீர் விளிம்பை அடைவதற்குள் இந்த அவகாசம் பெரும்பாலும் முடிந்திருக்கும். ஆகவே நீங்கள் எதை வாங்கினாலும், கூட்டம் மிகும் நேரங்களில் அது நிலையத்தில் நிற்காமல் கடற்கரையிலேயே ஆட்களோடு நிற்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் கடற்கரை உயிர்காப்பாளர்கள் 1994 முதல் தீயணைப்புத் துறையின் ஒரு பிரிவாகவே இருக்கிறார்கள். அங்கே மீட்பு வண்டிகள் மணலிலேயே ரோந்து சுற்றுகின்றன, மீட்புப் படகுகள் தனியே இயங்குகின்றன. தரைக்கு ஒன்று, நீருக்கு ஒன்று என்ற அந்தப் பிரிவினை அளவில் சிறியதாக உங்களுக்கும் பொருந்தும்.

நீர்நில வாகனத்தின் குறை அதன் வேகத்தில் இருக்கிறது. இவ்வகை வாகனங்களில் பல, டயர்களின் சுழற்சியையே துடுப்பாக்கி நீரில் நகர்கின்றன. அந்த நகர்வு மணிக்குச் சில கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. கரையிலிருந்து கடலை நோக்கி இழுத்துச் செல்லும் நீரோட்டமோ நொடிக்கு 2.4 மீட்டர் வரை, அதாவது மணிக்கு 8 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தை எட்டக்கூடியது. அதில் சிக்கியவரிடம் போய்ச் சேர்ந்தாலும், அவரை ஏற்றிக்கொண்டு அந்த வாகனம் தன் விருப்பப்படி திரும்ப முடியாது. பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் களைத்துப்போனவரை உள்ளே இழுப்பதும் கடினம். உடையும் அலை பக்கவாட்டில் அடித்தால் கவிழும் ஆபத்தும் உண்டு. தேங்கிய வெள்ளம், சதுப்பு நிலம், பனி உறைந்த ஏரி ஆகிய இடங்களில் அது அருமையான கருவிதான். விற்பனையாளர் காட்டும் படங்கள் பெரும்பாலும் அப்படிப்பட்ட அமைதியான நீரில் எடுக்கப்பட்டவையா என்று ஒருமுறை கூர்ந்து பாருங்கள்.

இனி மணலுக்கு வருவோம். தண்ணீர் நிரப்பிய தீயணைப்பு வண்டி பத்து டன்னைத் தாண்டும். உலர்மணலில் அதை இறக்கவே கூடாது. அப்படி இறக்கினால் மீட்க வேண்டியவை இரண்டாகிவிடும். நான்கு சக்கர மோட்டார் சைக்கிள் போன்ற ஏடிவி, மணலில் லாவகமாக ஓடும். ஆனால் ஓட்டுபவரின் உடல் சமநிலையையே நம்பியிருப்பதால் எளிதில் கவிழும். பாதிக்கப்பட்டவரைப் படுக்க வைத்துக் கொண்டுவரவும் இடமில்லை. இருவர் அருகருகே அமரும் இருக்கைகள், சீட் பெல்ட், தலைக்கு மேல் இரும்புக் கூண்டு, பின்னால் ஸ்ட்ரெச்சர் வைக்கும் தட்டு ஆகியவை கொண்ட யூடிவி இந்த வேலைக்கு மிகவும் தோதானது. சாலையிலும் வேகமாக ஓடி வர வேண்டும், படகு டிரெய்லரையும் தொலைவுக்கு இழுக்க வேண்டும் என்றால் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வண்டியே மேல். உங்கள் நிலையம் மூன்று கிலோமீட்டர் தள்ளியிருப்பதால் நான் பிக்கப்பையே பரிந்துரைக்கிறேன். வண்டியைக் கடற்கரையிலேயே பூட்டி வைக்க ஒரு கொட்டகை அமையுமானால் யூடிவியைத் தேர்ந்தெடுங்கள்.

பிக்கப் வண்டி மணலில் ஓடுவதும் புதைவதும் எஞ்சினின் திறனைவிட டயரில் உள்ள காற்றைப் பொறுத்தே அமைகிறது. தார்ச்சாலையில் 35 பிஎஸ்ஐ அளவில் ஓடும் டயரை, மணலில் இறங்கும் முன் 15 முதல் 20 பிஎஸ்ஐ வரை குறைக்க வேண்டும். அருகில் குனிந்து பார்த்தால், காற்று இறங்க இறங்க டயரின் அடிப்பகுதி தட்டையாகி, மணலில் பதியும் தடம் முன்னும் பின்னுமாக நீள்வது தெரியும். எடை கூடுதல் பரப்பில் பரவுவதால் சக்கரம் மணலைத் தோண்டாமல் அதன்மேல் ஏறிச் செல்கிறது. 12 பிஎஸ்ஐக்குக் கீழே இறக்கிவிட்டு வேகமாகத் திரும்பினால் டயர் ரிம்மை விட்டு நழுவக்கூடும். அவசர அழைப்பின்போது காற்றை இறக்க நேரம் இருக்காது என்பதால், கடற்கரைப் பணிக்குரிய நாளில் முன்கூட்டியே குறைத்து வைத்துவிட்டு, சாலையில் செல்லும்போது வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். திரும்பக் காற்று நிரப்ப, வண்டியின் பேட்டரியில் இயங்கும் சிறிய கம்ப்ரெசர் ஒன்று அவசியம்.

ஈரமணல் கெட்டியாக இருக்கிறதே என்று நீர் விளிம்பிலேயே வண்டியை நிறுத்துவது பலரும் செய்யும் தவறு. அலை வந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் சக்கரத்தைச் சுற்றியுள்ள மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போகும். மீட்பு முடிந்து வருவதற்குள் வண்டி அச்சுவரை இறங்கியிருக்கும். அலை எட்டும் கோட்டுக்கு மேலே, வண்டியின் முகம் சாலைப்பக்கம் இருக்குமாறு நிறுத்துங்கள். இன்னொரு விஷயத்தை நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். மணலில் படுத்திருப்பவர்களும் குழி தோண்டி விளையாடும் குழந்தைகளும் ஓட்டுநரின் பார்வைக்குத் தெரியமாட்டார்கள். மீட்பு வண்டியே ஆளின்மீது ஏறிய விபத்துகள் நடந்திருக்கின்றன. வண்டியை நகர்த்தும் முன் ஒருவர் இறங்கி அதைச் சுற்றி நடந்து பார்ப்பதும், கூட்டத்துக்குள் நடை வேகத்தில், ஒருவர் முன்னே நடந்து வழிகாட்ட ஓட்டுவதும் கட்டாய விதியாக இருக்க வேண்டும்.

நீரில் இறக்குவதற்கு ஜெட் ஸ்கீயா, ரப்பர் படகா என்ற கேள்வி அடுத்து எழும். ஜெட் ஸ்கீயில் வெளியே சுழலும் ப்ரொபெல்லர் இல்லை. தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் விசையால் ஓடுகிறது. வேகத்தில் அதை வெல்ல ரப்பர் படகால் இயலாது. பின்னால் மிதவைப் பலகை ஒன்றைக் கட்டி, மீட்கப்பட்டவரை அதில் கிடத்தி இழுத்து வரும் முறை ஹவாயின் பெரிய அலைகளில் மெருகேறி உலகெங்கும் பரவியது. ஆனால் ஆழம் குறைந்த இடத்தில் எஞ்சினை இயக்கினால் மணலையும் உறிஞ்சி உள்ளே சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லரைத் தேய்த்துவிடும். வெள்ளத்தில் மிதந்து வரும் துணி, கயிறு, பிளாஸ்டிக் ஆகியவை அந்த உறிஞ்சுவாயை அடைத்துவிடும். எடையும் 300 கிலோவுக்கு மேல் என்பதால் கையால் தூக்க முடியாது.

ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் 1970களிலிருந்து வழக்கத்தில் உள்ள சிறிய ரப்பர் படகு வேறு வகை. நீளம் நான்கு மீட்டருக்குள், பின்னால் 25 குதிரைத்திறன் அளவிலான மோட்டார், இரண்டே ஆட்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் அலை வரும்போது முன்பக்கம் சாய்ந்து தன் எடையால் படகின் மூக்கைத் தாழ்த்தி, அலையை ஊடுருவச் செய்கிறார். காற்றடைத்த விளிம்பு நீர்மட்டத்துக்கு அருகிலேயே இருப்பதால், மூழ்குபவரின் தோள்களுக்கு அடியில் கைகொடுத்து ஒரே இழுப்பில் உள்ளே உருட்டிவிடலாம். மணலிலேயே டிரெய்லரிலிருந்து இறக்கி, நான்கு பேர் பிடித்து நீருக்குக் கொண்டுபோய்விடலாம். வெள்ளம் புகுந்த தெருவில் மோட்டாரைத் தூக்கிவிட்டுத் துடுப்புப் போட்டோ, இடுப்பளவு நீரில் நடந்து இழுத்தோ முதியவர்களை வெளியே கொண்டுவரலாம். உங்கள் மூன்று தேவைகளில் இரண்டை அது நிறைவேற்றுவதால்தான் ஜெட் ஸ்கீயைவிட அதை முன்னே வைக்கிறேன். இரண்டு நிபந்தனைகள்: ப்ரொபெல்லரைச் சுற்றிப் பாதுகாப்பு வளையம் இருக்க வேண்டும், ஆளை ஏற்றும் தருணத்தில் கியர் நியூட்ரலில் இருக்கிறது என்று ஓட்டுநர் வாய்விட்டுச் சொல்லும் பழக்கமும் வேண்டும்.

கழிமுகச் சேறு தனி உலகம். படகு மிதக்க நீரும் இல்லை, வண்டி ஓடத் தரையும் இல்லை என்ற அந்த இடைநிலப் பரப்பில் கீழ்நோக்கி ஊதும் காற்றின்மேல் மிதந்து ஓடும் ஹோவர்கிராஃப்ட்தான் முழுமையான விடை. பிரிட்டனின் ஆர்என்எல்ஐ என்ற உயிர்மீட்புப் படகு அமைப்பு, பரந்த சேற்றுத்திட்டுகள் நிறைந்த மோர்கம்ப் விரிகுடாவில் 2002 முதல் அதைப் பயன்படுத்துகிறது. ஆயினும் பக்கக்காற்றில் அது எளிதில் வழி விலகும்; உடையும் அலைகளில் தடுமாறும்; ஓட்டுவதற்கு நீண்ட பயிற்சியும், அந்தக் காற்றை அடைத்து வைக்கும் ரப்பர்ப் பாவாடையைப் பராமரிக்கத் தனிச் செலவும் தேவை. இந்த நிதியில் அதற்கு முயல வேண்டாம். சேற்றின்மேல் விரிக்கும் காற்றடைத்த நடைபாதை, எடையைப் பரப்பும் பலகைகள், புதைந்த காலைச் சுற்றி நீரைப் பீய்ச்சிச் சேற்றின் பிடியைத் தளர்த்தும் நீண்ட குழாய் ஆகிய மூன்றும் பிக்கப்பின் பின்தட்டில் அடங்கிவிடும். கயிற்றால் கட்டி வண்டியால் இழுக்கும் முயற்சி மட்டும் கூடவே கூடாது. சேற்றின் பிடி தளராத நிலையில் இழுத்தால் மூட்டும் முதுகும் சேதமாகும்.

வெள்ளத்தில் ஜீப்பையோ பிக்கப்பையோ ஓட்டிச் செல்லும் ஆசையை அடக்குங்கள். ஓடும் நீர் 30 சென்டிமீட்டர் உயரம் இருந்தாலே சிறிய கார்களை நகர்த்தும். 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போகும். நீரின் வேகம் இருமடங்கானால் அது தரும் விசை நான்கு மடங்காகிறது. தேங்கி நிற்கும் நீரில் பலரை ஒரே நேரத்தில் ஏற்றிவர உயரமான லாரி உதவும். அது அடிக்கடி தேவைப்படும் பொருள் அன்று என்பதால், வேறு துறையின் லாரியை அழைத்துக்கொள்ள முன்கூட்டியே எழுத்துப்பூர்வமாக ஏற்பாடு செய்துகொள்வதே சிக்கனம்.

வண்டியில் ஏற்ற வேண்டியவற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூழ்கியவரின் இதயம் நிற்பதற்குக் காரணம் ஆக்சிஜன் தீர்ந்துபோவது. ஆதலால் அவருக்குச் செயற்கை மூச்சு முதலில் தேவைப்படுகிறது, ஐரோப்பிய நெறிமுறை 5 மூச்சுகளுடன் தொடங்கச் சொல்கிறது. ஆக்சிஜன் சிலிண்டர், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பையும் முகமூடியும், வாயில் சேரும் நீரை உறிஞ்சும் கருவி, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர், அதன் ஒட்டுப்பட்டைகளை ஒட்டுமுன் மார்பைத் துடைக்க உலர்ந்த துண்டுகள் ஆகியவை நீர் புகாத பெட்டியில் இருக்கட்டும். ஆள் ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட், 15 முதல் 20 மீட்டர் கயிறு கொண்ட எறிபைகள், மிதவைகள், நீச்சல் துடுப்புக்காலணிகள் ஆகியவையும் வேண்டும். தீயணைப்பு உடையும் கம்பூட்டும் அணிந்து நீரருகே செல்லக்கூடாது. கம்பை நீட்டுவது, கயிற்றை எறிவது, படகில் போவது, கடைசி வழியாகவே நீந்திப் போவது என்ற வரிசை புதிய வாகனம் வந்த பிறகும் மாறாது. நிதி மிஞ்சினால் மிதவையைத் தாங்கிச் செல்லும் ட்ரோன் ஒன்றைச் சேர்க்கலாம். 2018 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் லெனாக்ஸ் ஹெட் கடற்கரையில் அலைகளுக்கு அப்பால் தத்தளித்த இரு இளைஞர்களுக்கு ட்ரோன் மிதவையைப் போட, அதைப் பற்றிக்கொண்டு அவர்கள் கரை சேர்ந்தார்கள்.

உப்புநீர் இவற்றையெல்லாம் விரைவில் தின்றுவிடும் என்பதால் பராமரிப்புத் தொகையைக் கொள்முதல் கோப்பிலேயே சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் வண்டியின் அடிப்பகுதியை நன்னீரால் கழுவ வேண்டும். மோட்டாருக்குள் நன்னீரை ஓடவிட வேண்டும். முதலில் பழுதாவது பெரும்பாலும் டிரெய்லரின் சக்கர பேரிங்தான். ஓடிவந்த சூட்டோடு ஹப் கடல்நீரில் இறங்கினால் உள்ளே உள்ள காற்று சுருங்கி, சீல் வழியாக உப்புநீரை உறிஞ்சிக்கொள்ளும். மூடியைக் கழற்றிப் பார்க்கும்போது கிரீஸ் பால்போல வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். அன்றே மாற்றிவிட வேண்டும்.

டெண்டரில் ஒரு நிபந்தனையைத் தவறாமல் எழுதுங்கள். விற்பனையாளர் தன் வாகனத்தை உங்கள் கடற்கரைக்கே கொண்டுவந்து, நான்கு ஆட்களையும் படகு டிரெய்லரையும் சேர்த்து, உலர்மணலில் நிறுத்தி, அங்கிருந்தே மீண்டும் கிளப்பிக் காட்ட வேண்டும். பிறகு உங்கள் ஆட்கள் படகை இறக்கி, அலையைத் தாண்டிப் போய், ஒருவரை ஏற்றிக்கொண்டு திரும்பும்வரை கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நீர்நில வாகனத்தின் விற்பனையாளரும் வரட்டும்; அதே நாளில், அதே அலையில் அவரும் செய்து காட்டட்டும். இரண்டு நேரங்களையும் கோப்பில் இணைத்து மேலதிகாரிக்கு அனுப்புங்கள்.