பசி சிரப் கேட்பவர்களுக்கு: வாசகர் கேள்வி-பதில்

அப்பாவுக்கு 74 வயது. கொஞ்ச நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. என்ன செய்யலாம்?

எடை எவ்வளவு இறங்கியது, என்னென்ன மாத்திரை போடுகிறார் என்று ஒன்றுமே எழுதாமல் கேட்டால் நான் ஜோசியம்தான் சொல்ல வேண்டும். அவராகக் குறைக்க முயலாமலே ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் எடையில் 5 சதவீதம், அதாவது 60 கிலோவில் 3 கிலோ போயிருந்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

வயதானால் பசி குறையத்தானே செய்யும்?

குறையும். எடையும் சேர்ந்து குறைந்தால் வயதின் மேல் பழி போடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்.

அம்மாவுக்கு (70, சர்க்கரை, பிரஷர்) நாங்களே பசி சிரப் வாங்கிக் கொடுத்தோம். இரண்டு நாளாகத் தூங்கி வழிகிறார், உளறுகிறார். தொடரலாமா?

நிறுத்துங்கள். உடனே ரத்தத்தில் சர்க்கரையைப் பாருங்கள், சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரை மட்டும் உள்ளே போனால் சர்க்கரை இறங்கியும் உளறுவார்கள். எப்படியிருந்தாலும் இன்றே டாக்டரிடம் போங்கள், எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் நேரமில்லை இது.

பசி சிரப் என்று விற்பதில் பெரும்பாலும் இருப்பது சைப்ரோஹெப்டடின். அடிப்படையில் அது அலர்ஜி மருந்து, பசி எடுப்பது அதன் பக்கவிளைவு. வயதானவர்களுக்குத் தூக்கம், குழப்பம், வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு எல்லாம் வரலாம். வாய் உலர்ந்து வயிறும் கட்டிக்கொண்டால் இருக்கிற பசியும் போய்விடும். பசிக்கென்று தரும் இன்னொரு மருந்தான மெஜெஸ்ட்ரால் எடையைக் கொஞ்சம் ஏற்றும், கூடவே ரத்தம் உறையும் ஆபத்தையும். முதியவர்களுக்கு இரண்டையும் தவிர்க்கும்படி அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியல் சொல்கிறது.

ஒரு மருந்தைச் சேர்ப்பதற்கு முன் எதைக் கழிக்கலாம் என்று பாருங்கள் என எத்தனை தடவைதான் சொல்வது! சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின், இதயத்துக்குத் தரும் டிகாக்சின், இரும்புச்சத்து மாத்திரை, வலிக்குத் தரும் டிரமடால், மறதிக்குத் தரும் டோனெபெசில் எல்லாமே பசியைக் கெடுக்கக்கூடியவை. பட்டியல் எழுதிக்கொண்டு போகாதீர்கள், மாத்திரைப் பையையே தூக்கிக்கொண்டு போய் மேஜையில் கொட்டுங்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் கிடப்பது அப்போதுதான் தெரியும். ஆனால் டாக்டர் எழுதியதை நீங்களாக நிறுத்தக் கூடாது.

மிர்டாசபைன் போட்டால் பசிக்குமாமே?

அது மனச்சோர்வு மருந்து. மனச்சோர்வும் இருந்தால் நல்லது. வெறும் பசிக்காக வேண்டாம்.

உப்பு, எண்ணெய், இனிப்பு எல்லாம் குறைத்துத்தான் சமைக்கிறோம். தாத்தா (82) தட்டைத் தள்ளிவிடுகிறார்.

நானும் தள்ளிவிடுவேன். இந்த வயதில் பத்தியத்தைவிட எடை குறைவதுதான் பெரும்பாலும் பெரிய ஆபத்து, எதைத் தளர்த்தலாம் என்று அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை கொடுங்கள். புரதம் ஒரு நாளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராமுக்குக் குறையாமல் இருக்கட்டும், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் கேட்டுவிட்டு. அப்புறம் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்: நாக்கில் வெள்ளைப் படலம் இருக்கிறதா, பல்செட் ஆடுகிறதா? எடை இறங்கினால் பல்செட்டும் தொளதொளத்துவிடும், மெல்லும்போது ஈறு புண்ணாகும், அதை வெளியே சொல்லாமல் "பசியில்லை" என்றுதான் சொல்வார்கள்.

வீட்டுப் பெரியவருக்கு முற்றிய மறதி நோய். உணவு செலுத்த டியூப் வைக்கலாமா?

அந்த நிலையில் டியூப் ஆயுளைக் கூட்டுவதில்லை. பொறுமையாகக் கையால் ஊட்டுங்கள், போதும் என்றால் விட்டுவிடுங்கள். மாத்திரைப் பையை இவருக்கும் ஒருமுறை கொட்டிப் பாருங்கள்.