சாம்பியன் இல்லாத சீசன் – கடிதமும் பதிலும்

வணக்கம்,

ஜெர்மனியின் 19 வயதுக்குட்பட்டோர் கால்பந்து லீகான பண்டஸ்லிகா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, சாம்பியன்களின் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். 2019-ல் டார்ட்மண்ட் கிளப், 2022-ல் மறுபடியும் டார்ட்மண்ட். நடுவில் இரண்டு வரிகள் காலி. அதில் முதல் சீசனில்தான் மூக்கோகோ என்ற பையன் 20 ஆட்டங்களில் 34 கோல் அடித்திருக்கிறான். கோப்பை யாருக்கும் இல்லை; அவனும் அன்று எல்லோரும் சொன்ன உயரத்துக்குப் போகவில்லை. அப்படியென்றால் அந்த சீசன் வீண்தானே? இப்போது கீழ்ப்பிரிவுக்கு இறக்குவதையும் எடுத்துவிட்டார்களாம். தோற்றால் ஒன்றும் ஆகாது என்றால் அது என்ன லீக்?

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

காலி என்று நீங்கள் சொல்லும் அந்த முதல் வரிக்குள் ஏழு மாதக் கால்பந்து இருக்கிறது. வடக்கு, மேற்கு, தெற்கு என்று மூன்று பிரிவுகள், பிரிவுக்கு 14 அணிகள், அணிக்கு 26 ஆட்டங்கள். மூன்று பிரிவுகளிலும் முதலிடம் பிடித்தவர்களும் ஒரு பிரிவில் இரண்டாவதாக வந்தவர்களும் அரையிறுதிக்குப் போவார்கள். 2019 ஆகஸ்டில் தொடங்கிய சீசன், 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்றது. ஏறக்குறைய 20 சுற்றுகள் ஆடி முடித்திருந்தார்கள்.

மீதி ஆறு சுற்றுகள்தானே என்று தோன்றும். இந்த லீகில் யார் ஆடலாம் என்பதைப் பிறந்த தேதிதான் தீர்மானிக்கிறது. அந்த சீசனுக்கு எல்லை 2001 ஜனவரி 1. அதாவது 2001-ல் பிறந்த ஒவ்வொரு பையனுக்கும் அதுவே இளையோர் கால்பந்தின் கடைசி ஆண்டு. முப்பது வயது வீரர் ஒரு சீசனை இழந்தால் அதே அணியில் அடுத்த சீசன் ஆடலாம். 2001-ல் பிறந்தவனுக்கு அடுத்த ஆகஸ்டில் அந்த அணியில் இடமே கிடையாது. கடைசி ஆண்டின் வசந்தகாலத்தில்தான் கிளப்புகள் யாரோடு தொழில்முறை ஒப்பந்தம் போடலாம், யாரை அனுப்பிவிடலாம் என்று முடிவெடுக்கின்றன. பிற கிளப்புகளின் ஆட்கள் வந்து உட்கார்ந்து பார்ப்பதும் அப்போதுதான். அக்டோபரில் காயம்பட்டு பிப்ரவரியில் திரும்பிய ஒருவனை நினைத்துப் பாருங்கள். தன்னைக் காட்டிக்கொள்ள அவனுக்கு இருந்ததே அந்த ஆறு சுற்றுகள்.

பெரியவர்களின் பண்டஸ்லிகா 2020 மே 16 அன்று காலி மைதானங்களில் மறுபடி தொடங்கியது. தொலைக்காட்சி உரிமப் பணம் இருந்தது, பரிசோதனைக்கு வசதி இருந்தது. இளையோர் லீகுக்கு இரண்டும் இல்லை. தொடங்கி இரண்டு நாளில், மே 18 அன்று, லெவர்குசன் கிளப்புக்காக ஃப்ளோரியான் விர்ட்ஸ் தன் முதல் பண்டஸ்லிகா ஆட்டத்தை ப்ரேமனில் ஆடினான். வயது 17 முடிந்து 15 நாள். அதைப் பார்த்து நானும் மகிழ்ந்தேன். ஆனால் விர்ட்ஸ் போன்றவர்களுக்குக் கதவு எப்படியும் திறந்திருக்கும். அவனுக்கு அடுத்த படியில், அதற்கும் அடுத்த படியில் நின்றவர்களுக்கு லீக் ஒன்றுதான் கதவு. அடுத்த சீசனும் இலையுதிர்காலத்திலேயே சில சுற்றுகளோடு நின்றுபோனது. 2002-ல் பிறந்தவர்களுக்கும் அதே கதி. பட்டியலில் கோப்பை இல்லாத இரண்டு வரிகளை நீங்கள் பார்க்கிறீர்கள். எனக்கு அங்கே கடைசி ஆண்டை முழுதாக ஆடாத இரண்டு வயதுக்கூட்டங்கள் தெரிகின்றன. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

இனி யூசுஃபா மூக்கோகோ. முதல் ஆட்டத்தில் வுப்பர்டாலை டார்ட்மண்ட் 9-2 என்று வென்றபோது ஆறு கோல் அவனுடையது. வயது 14. எதிரே நின்றவர்களில் பலர் அவனைவிட மூன்று வயதுக்கு மேல் மூத்தவர்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் ஷால்கேயின் மண்ணில் ஹாட்ரிக் அடித்தான். அங்கே பார்வையாளர்கள் சிலர் அவனைக் கேட்கக்கூசும் வார்த்தைகளால் திட்டினார்கள். ஷால்கே கிளப் மன்னிப்புக் கேட்டது. அப்போது அவன் 15 வயதுப் பிள்ளை. 16 முடிந்த மறுநாளே பண்டஸ்லிகாவில் ஆடினான், 18 வயதில் கத்தார் உலகக்கோப்பையில் ஜப்பானுக்கு எதிராகக் களமிறங்கினான். பிறகு பிரான்சின் நீஸ், டென்மார்க்கின் கோபன்ஹேகன் என்று கிளப் மாறிப் போனான். நாடுகளைத் தாண்டித் தொழில்முறை வீரராக வாழும் ஒருவரை ‘உயரத்துக்குப் போகவில்லை’ என்று எழுதிவிடாதீர்கள். அந்த உயரத்தை அளந்து வைத்தவர்கள் நாம்தான், 34 என்ற எண்ணைப் பார்த்து மயங்கி.

பட்டம் பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்த லீகின் 2009 இறுதிப்போட்டியில் மைன்ஸ் அணி டார்ட்மண்டை 2-1 என்று வென்றது. பயிற்சியாளர் தாமஸ் டூகல். இரண்டே மாதத்தில் அதே கிளப்பின் முதல் அணி அவர் கைக்கு வந்தது. அந்த மைன்ஸ் அணியில் ஆந்த்ரே ஷுர்லே இருந்தார். ஐந்து ஆண்டு கழித்து, ஜெர்மனி வென்ற 2014 உலகக்கோப்பை இறுதிப்போட்டியில், மாரக்கானா மைதானத்தில், 113-வது நிமிடத்தில், அவர் இடப்பக்கமிருந்து தூக்கிக்கொடுத்த பந்தை மாரியோ கோட்சே நெஞ்சில் வாங்கி கோலுக்குள் அடித்தார். கோட்சே டார்ட்மண்டின் இளையோர் அணிகளில் வளர்ந்தவர். 2000-ன் யூரோ கோப்பைப் போட்டியில் ஜெர்மனி ஒரே ஒரு கோலோடு, குழுவில் கடைசியாக வந்த அவமானத்துக்குப் பிறகு கிளப்புகள் இளையோருக்கான பயிற்சி அகாடமி நடத்தியாக வேண்டும் என்று விதி வந்தது. 2003-ல் இந்த லீக் வந்தது. அதன் பலன் அந்த கோல் என்று நான் நம்புகிறேன்.

இறக்கம் பற்றிய உங்கள் கேள்வியில்தான் எனக்கு முழுமையான மறுப்பு. 2024-25 முதல் புதிய இளையோர் லீக் நடக்கிறது. அகாடமி உள்ள கிளப்புகள் அதிலிருந்து கீழே இறக்கப்படுவதில்லை. முதலில் வட்டாரக் குழுக்கள், பிறகு வலுவானவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம். சாம்பியன் உண்டு, இறுதிப்போட்டி உண்டு. தோற்றால் வலிக்கத்தான் செய்யும்.

இறக்கப்படும் பயம் என்ன செய்யும் தெரியுமா? மார்ச் மாதம், அணி கீழிருந்து மூன்றாவது இடம். ஒரே ஆண்டில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் அணியில் இருக்கிறார்கள். முதலாமவன் பதினொரு மாதம் மூத்தவன், தோளும் தொடையும் முன்பே திரண்டவன். பயிற்சியாளர் யாரைக் களமிறக்குவார்? மூத்தவனைத்தான். நீங்களும் நானும் அந்த இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வோம். உலகெங்கும் இளையோர் அணிகளில் வயதைக் கணக்கிடும் ஆண்டின் முதல் சில மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் இருப்பது இதனால்தான். சின்னவன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். பந்து அவன் காலில் அழகாகப் பேசும், ஆனால் அவனுக்கு ஆடக் கிடைப்பது கடைசி எட்டு நிமிடம். இப்படி இரண்டு சீசன் போனால் அவன் வயது முடிந்துவிடும்.

அவனுக்கு இன்னும் அரைமணி நேரம் கூடுதலாகக் கிடைக்குமென்றால், இறக்கம் இல்லாத லீகை நான் ஏற்றுக்கொள்வேன். கிடைக்கவில்லை என்றால், பயிற்சியாளர்கள் அப்போதும் கோப்பைக்காகப் பெரியவனையே களமிறக்கினால், நீங்கள் சொன்னதே சரி என்று இதே இடத்தில் எழுதுகிறேன். இன்னும் சில சீசன்கள் பார்ப்போம்.

அன்புடன்.