பதில்: அம்மா சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார்

பாகற்காய்ச் சாறே போதும் என்று வாட்ஸ்அப்பில் வந்த ஆடியோவைக் கேட்டு அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார், "பீட்ரூட் தின்னச் சொன்ன கவர்ன்மெண்ட்தானே இது?" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். சகோதரி, அம்மா சொல்வது பொய்யில்லை. எய்ட்ஸ் நோயாளிகளுக்குப் பூண்டும் பீட்ரூட்டும் எலுமிச்சையும் சொன்னவர் தென்னாப்பிரிக்காவின் அப்போதைய சுகாதார அமைச்சரேதான். முதலில் அதை ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் எதிர்த்து நின்றவர்கள் யார்? டாக்டர்களும் நோயாளிகளும். கோர்ட்டுக்குப் போய், 2002-ல் எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்கு, குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தைக் கொடுக்க உத்தரவு வாங்கினார்கள். அந்த ஆடியோவில் பேசுகிறவரை எந்தக் கோர்ட்டில் போய்த் தேடுவது?

டர்பனில், சாட்ஸ்வர்த்தில் என் பெரியம்மாவும் இப்படித்தான் நிறுத்தினார். சண்டை போட்டோம், பேச்சே நின்றுபோனது. பிறகு குளுக்கோமீட்டர் வாங்கி, தினமும் காலையில் வெறும் வயிற்றில் பார்த்து, சமையலறைக் காலண்டரில் அவர் கையாலேயே எழுத வைத்தோம். நாலாம் நாள் சர்க்கரை 14.2 mmol/L. அந்தக் கட்டத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 7-ஐத் தாண்டக் கூடாதென்று அவருக்கே தெரியும். மறுநாள் தானாகவே மாத்திரை டப்பாவைத் திறந்தார்.

பாகற்காயைப் பிடுங்காதீர்கள், கறியாகச் சாப்பிடட்டும். சாறும் மாத்திரையும் சேர்ந்தால் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடலாம், அதனால் சாறு குடிப்பதைக் கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். அடங்காத தாகம், வாந்தி, மயக்கம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.